மைதானத்துக்கு முதுகு காட்டியவர்

பதினெட்டு வருடங்களுக்கு முன், ஜூன் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. கச்சான் காற்று மேற்கிலிருந்து மணலை வாரி வீசிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து வைத்திருப்பதே ஒரு வேலையாக இருந்தது. எங்கள் ஊர் மைதானத்தில் கால்பந்து இறுதி ஆட்டம் முடிய மூன்று நிமிடம் பாக்கி. இரண்டு பக்கமும் கோல் இல்லை. கூட்டம் ஏறத்தாழ எண்ணூறு. நான் எண்ணியது எழுநூற்றுத் தொண்ணூற்றாறு. அதற்குள் கண்ணில் மண் விழுந்துவிட்டது. அத்தனை பேரும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் எல்லைக்கோட்டின் மேல் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் வேண்டாம். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரைட்டர் என்பார்கள். பெரிய எழுத்தாளர் என்று நினைத்துவிட வேண்டாம். பத்திரம் எழுதுகிற ரைட்டர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் முப்பத்தாறு வருடம் கிரயப் பத்திரமும் தானப் பத்திரமும் எழுதியவர். எங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் கடற்கரை ஊர்க்காரர். நான் ரைட்டர் பாய் என்பேன். அவர் என்னை போஸ்ட்மாஸ்டர் என்பார். நான் ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். தபால் ஆபீஸில் இருபத்தொன்பது வருடம் ஸ்டாம்பு எண்ணியவனுக்கு வேறு என்ன பேர் வைப்பது?

கொட்டகையில் ஒரு மர அலமாரி உண்டு. பத்திரத் தாள்கள் கீழ்த்தட்டில் மட்டும். மேலே நான்கு தட்டிலும் விளையாட்டுப் புத்தகங்கள். குத்துச்சண்டை, கால்பந்து, கிரிக்கெட், ஒலிம்பிக், மல்யுத்தம் என்று பழைய புத்தகக் கடைகளில் வாங்கியவை, நூற்று நாற்பத்து மூன்று. இவற்றில் ஒரு ஆட்டத்தையாவது அவர் ஆடியிருப்பார் என்று அவர் எதிரிகூடச் சொல்லமாட்டான். பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடாதவர். போனால் அடுத்தது வரும் என்று நின்றுவிடுவார்.

எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் சில வரிகளின் கீழே சிவப்பு மையில் கோடு இருக்கும். நல்ல வரிகளாக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வரி: 'ரசிகர்கள் ஆரவாரம் செய்தனர்.'

"பாருங்க போஸ்ட்மாஸ்டர்," என்றார் ஒருநாள். "பந்தடிச்சவன் இருபத்திரண்டு பேரு. அவனுகளுக்கு முந்நூறு பக்கம். உக்காந்து பாத்தவன் அறுவதாயிரம் பேரு. அவனுகளுக்கு ஒரு வரி. இது என்ன பாகப்பிரிவினை? ஒரு வாரிசையும் விடாம எழுதுனாத்தான் பத்திரம் செல்லும். இவன் அறுவதாயிரம் வாரிசை விட்டுட்டு எழுதியிருக்கான்."

"அறுபதாயிரம் பேர் பேரை எப்படிங்க எழுதறது?"

"எழுத முடியாதுன்னா புஸ்தகம் எழுதாத. உன்னை யாரு கேட்டா?"

அவர் எழுத ஆரம்பித்தது அந்தக் கோபத்தில்தான். எங்கள் வட்டாரத்துக் கால்பந்துக்கு ஒரு வரலாறு. ஆடியவர்களை விட்டுவிட்டுப் பார்த்தவர்களைப் பற்றி மட்டும். அதனால்தான் எந்த ஆட்டத்துக்குப் போனாலும் முதுகு மைதானத்துக்கு, முகம் கூட்டத்துக்கு.

இதனால் அவருக்கு நேர்ந்த சங்கடங்களை எண்ணினால் கை விரல் பத்தாது. உச்சிப்புளி பக்கம் ஒரு மாட்டுவண்டிப் பந்தயம். சாலை ஓரத்தில் சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். அன்றைய குறிப்பை நான் பின்னால் படித்தேன். "மாலை மணி 4-10. பொதுமக்கள் அனைவரும் எழுந்து என்னை நோக்கிக் கையை ஆட்டுகின்றனர். சிலர் ஓடுகின்றனர். காரணம் தெரியவில்லை." அதற்கடுத்த வரி இல்லை. பாதை மாறி வந்த மாடுகள் அவரை நாற்காலியோடு கருவேலம் புதருக்குள் தள்ளிவிட்டன. தோள்பட்டை எலும்பு விரிசல். நாற்பத்தொரு நாள் கட்டு. பார்க்கப் போனபோது இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார். "மாட்டுக்காரன் மேல கேஸ் குடுக்கலையா?" என்று கேட்டேன். "எந்த மாடுன்னே நான் பாக்கலையே" என்றார்.

டீக்கடையில் டிவி வைத்த காலத்தில் கிரிக்கெட்டுக்கும் இதே கதை. டிவிக்குக் கீழே பெஞ்சைப் போட்டு எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்து உட்காருவார். ஒருநாள் கடைக்காரர் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார். "ரைட்டர் மாமா, நீங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா ஒருத்தன் எப்படி வடையக் கடிப்பான்? திரும்பி உக்காருங்களேன்."

"உன் டிவில தெரியிறது எல்லாம் உங்க மூஞ்சில தெரியுது. கரண்ட் போனாத்தான் வித்தியாசம்."

நான் விடவில்லை. டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி, எங்கள் முகத்தைப் பார்த்தே என்ன நடந்தது என்று அவர் சொல்லவேண்டும் என்று பந்தயம் வைத்தேன். முப்பத்தொரு பந்து. இருபத்தொன்பதைச் சரியாகச் சொன்னார். இவன் வாயைத் திறந்தால் நாலு, அவன் எழுந்தால் ஆறு, கடைசி பெஞ்சுக்காரன் செருப்பைத் தேடினால் அவுட். தப்பான இரண்டில் ஒன்று, பால் பொங்கியதற்குக் கடைக்காரர் போட்ட அலறல். மற்றொன்று, எனக்கு வந்த விக்கல்.

அவருடைய நடை இருக்கிறதே, அது தனி வேடிக்கை. முப்பத்தாறு வருடம் பத்திரம் எழுதிய கை வேறு எதையும் எழுத மறுத்தது. கூட்டத்தில் ஒருவரைக் குறிப்பிடவேண்டுமானால் அவர் உட்கார்ந்த இடத்துக்கு நான்கெல்லை சொல்லாமல் அவரால் முடியாது. ஒரு இடம் இன்னும் மனப்பாடம்: "கிழக்கே முறுக்குத் தள்ளுவண்டி, மேற்கே மேற்படியாரின் மச்சினன், தெற்கே கரண்டுக் கம்பம், வடக்கே மைதானக் கோடு, இந்நான்கெல்லைக்குட்பட்ட இடத்தில் குத்தவைத்திருந்த மேற்படியார், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிய சமயம், பிறர் தூண்டுதல் இன்றியும் சுய நினைவுடனும் தன் மச்சினன் தொடையில் ஓங்கி அறைந்தார்."

அவர் மனைவியிடம் ஒருமுறை சொன்னேன், இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை என்று. அந்த அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "நீங்க இப்பப் பாக்கிறீக. நிக்காஹ் அன்னைக்கே நான் பாத்துட்டேன். வந்தவுகளையே பாத்துக்கிட்டு இருந்தாரு. எந்தப் பொண்ணக் கட்டுனோம்னு அவருக்கு மறுநாத்தான் தெரியும்."

இனி அந்த ஜூன் பதினைந்துக்குத் திரும்ப வேண்டும். எனக்கு விருப்பமில்லை, ஆனால் வேண்டும்.

ஆட்டம் எங்கள் ஊருக்கும் அவருடைய கடற்கரை ஊருக்கும். நான் கொடி நடுவர். எல்லைக்கோட்டோரம் கொடியோடு ஓடுகிற வேலை. ராமநாதபுரத்திலிருந்து வந்த பெரிய நடுவருக்கு மூலையில் நடப்பது தெரியாவிட்டால் என்னைப் பார்ப்பார். கோல் கம்பத்துக்குக் கட்டியிருந்தது மீன் வலை. கடற்கரை ஊர் படகுக்காரர் ஒருவர் இலவசமாகக் கொடுத்தது. இலவசமாகக் கொடுத்ததால் பக்கவாட்டில் ஒரு முழ அளவுக்குக் கிழிசல். காலையில் பார்த்தேன், சொன்னேன். யாரும் தைக்கவில்லை.

என் பக்கத்தில், கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அதன் ஒரே கிளையில் பையன்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். காற்று வேறு. அந்தக் கிளை எத்தனை பேரைத் தாங்கும் என்று மத்தியானத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து நாற்பத்திரண்டுக்கு ஒரு முறிகிற சத்தம் கேட்டது போல இருந்தது. திரும்பி எண்ண ஆரம்பித்தேன். பாதியில் கூட்டம் ஓவென்று கத்தியது. மைதானத்தைப் பார்த்தால் பந்து வலைக்குள் கிடக்கிறது. கடற்கரை ஊர் கீப்பர் வலையின் கிழிசலைக் காட்டிக் கத்துகிறான். "வெளியால போச்சு சார்! ஓட்டை வழியா வந்துச்சு!" எங்கள் ஊர்ப் பையன்கள் ஏற்கெனவே ஒருவர் மேல் ஒருவர் ஏறிவிட்டார்கள். பெரிய நடுவர் என்னைப் பார்த்தார்.

பந்து வலைக்குள் இருந்தது. வலைக்குள் இருந்தால் கோல். இது கணக்கு. நான் கொடியை நடுக்கோட்டுப் பக்கம் காட்டினேன்.

ஒன்றுக்குப் பூஜ்யம். கடற்கரை ஊர்க்காரர்கள் பதினொரு வருடம் எங்கள் மைதானத்துக்கு வரவில்லை. அந்தக் கீப்பருக்கு அன்றைக்கு வயது இருபத்திரண்டு. 'ஓட்டை' என்று பேர் விழுந்தது.

ரைட்டரின் புத்தகம் வர இன்னும் பதினான்கு வருடம் ஆயிற்று. நூற்றுப் பதினெட்டுப் பக்கம். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க என்னிடம் கொண்டுவந்தார்.

"நீங்கதான் சரி போஸ்ட்மாஸ்டர். ஒரு புள்ளி விடமாட்டீக."

விடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பிழை பிடித்தேன். அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒற்றுப்பிழை ஒன்று கூட இல்லாத நான்கு வாக்கியம் இருந்தது.

"கிழக்கே மூலைக்கொடி, மேற்கே என் நாற்காலி, தெற்கே வேப்பமரம், வடக்கே மைதானம். இந்நான்கெல்லைக்குள் நின்ற கொடி நடுவர் அப்போது பந்தைப் பார்க்கவில்லை. மரத்தில் இருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். உதடு பதினான்கில் நின்றது."

இருபத்திரண்டு வார்த்தை. எட்டு தடவை படித்தேன். மைதானத்தில் எண்ணூறு பேரும் பந்தைப் பார்த்தபோது, பந்தைப் பார்க்காத இரண்டே பேர் நானும் அவரும்தான். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பதினான்கு வருடம் டீக்கடையில் எதிரே உட்கார்ந்து வடை தின்றிருக்கிறோம். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நான்கு வாக்கியத்தையும் அடித்தேன். அடித்தது தெரியாமல் அச்சகத்துக்கு அந்தப் பக்கத்தை மட்டும் நானே திரும்பத் தட்டச்சு செய்து கொடுத்தேன். அச்சகத்துக்காரர், "நீட்டாக் குடுத்திருக்கீங்க சார்" என்று பாராட்டினார்.

வெளியீடு கடற்கரை ஊர் கல்யாண மண்டபத்தில். நாற்காலி இருநூறு, வந்தவர்கள் அறுபத்தேழு. ரைட்டரை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள். அறுபத்தொன்றை எடுத்தார். கூட்டம் காதைத் தீட்டியது. அந்த ஆட்டம் என்றால் இன்றும் ரத்தம் கொதிக்கிற ஊர். வாசித்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மூன்றாவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். என்னிடம் என்ன தெரிந்ததோ, அவருக்கு அது போதும். முப்பத்தொன்றுக்கு இருபத்தொன்பது சரியாகச் சொன்ன ஆள். மேற்கொண்டு வாசித்து முடித்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனேன். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்துப் பதில்கள் ஐந்து தயாரித்து வைத்திருந்தேன்.

"உக்காருங்க," என்றார். "பத்திரத்துல ஒரு எழுத்த அடிச்சாலும் பக்கத்துல கையெழுத்துப் போடணும். நீங்க போடல."

"என்னைத் திருடன் மாதிரி எழுதியிருந்தீங்களே பாய்."

"எங்கன? காட்டுங்க." அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "மரத்துப் புள்ளைக விழுந்துருவாகளோன்னு எண்ணுனீக. அத எழுதுனேன். அன்னைக்கு எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தப்ப நீங்க மட்டும் கூட்டத்தப் பாத்துத் திரும்புனீக. அந்த நிமிசம் நீங்க நடுவர் இல்ல போஸ்ட்மாஸ்டர், கூட்டத்துல ஒரு ஆளு. கூட்டத்துல ஒரு ஆள விட்டுட்டு நான் எப்படி எழுதுவேன்?"

"அந்தக் கோல்?"

"கோலப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நான் என்ன பாத்தேனா?"

டீ வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் மூன்று வருடம் இருந்தார். ஒருநாள் கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். எடுக்காததுதான் தொந்தரவாக இருந்தது. எனக்கு அப்போதிருந்துதான் சர்க்கரை ஏறியது. டாக்டர் வேறு காரணம் சொல்கிறார்.

போன வருடம் அவர் காலமானார். மையத்து அன்று பள்ளிவாசலுக்கு வெளியே நின்று, வந்தவர்களை எண்ணினேன். இருநூற்றுப் பதினொன்று. எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள். அடக்கம் முடிந்து வெளியே வரும்போது ஒருவன் என் கையைப் பிடித்தான். வயிறு தள்ளி, தாடி நரைத்து; முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்தக் கீப்பர். சவூதியில், தம்மாமில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜூஸ் கடை வைத்திருக்கிறான்.

"சார், ஒண்ணு கேக்கணும். ரைட்டர் மாமா எங்கிட்டச் சொன்னாக. 'அன்னைக்கு அந்தப் பக்கம் பந்த யாரும் சரியாப் பாக்கலடா, நான் எழுதியிருக்கேன், புஸ்தகம் வரட்டும்'னாக. புஸ்தகம் வந்துச்சு. நாலு வாட்டி படிச்சேன். அத மட்டும் காணோம். நீங்கதானே பிழை பாத்தது?"

"நினைவில்லையே தம்பி," என்றேன்.

"தம்மாம் வரைக்கும் சார். அங்கன ரூம்ல பதினாறு பேரு. எவன் சொன்னானோ, ரெண்டாம் நாளே ஓட்டைன்னுட்டானுக. கடைக்கு என்னமோ அழகா ஒரு பேரு வச்சு போர்டு மாட்டியிருக்கேன். 'ஓட்டை ஜூஸ்'னாத்தான் ஆட்டோக்காரன் வர்றான்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "பந்து வெளியாலதான் போச்சு சார். பாத்த ஒருத்தன் சொன்னாப் போதும்னு இருந்தேன். பாக்கலைன்னு ஒருத்தன் சொன்னாக்கூடப் போதும்."

நான் பஸ் ஏறிவிட்டேன்.

ஏழு மாதம் தாக்குப் பிடித்தேன். பிறகு ராமநாதபுரத்து அச்சகம் ஒன்றில் ஒரு சீட்டு அடிக்கக் கொடுத்தேன். "பிழைத்திருத்தல். பக்கம் 61, மூன்றாம் பத்தியின் முடிவில் கீழ்க்கண்ட நான்கு வாக்கியங்கள் இருந்தன. அச்சுக்குப் போகுமுன் ஆசிரியருக்குத் தெரியாமல் அவற்றை அடித்தவன் நான். அவை உண்மை." கீழே அந்த இருபத்திரண்டு வார்த்தை. அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம். ஐந்நூறுக்குக் குறைந்து அடிக்கமாட்டோம் என்றார்கள்.

ரைட்டர் மனைவியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்து போட்டார். புத்தகம் வாங்கிய நூற்று அறுபத்து மூன்று பேரின் பட்டியல். வீட்டு நம்பர் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கெல்லை. வடக்கே பால்வாடி, தெற்கே உப்புத் தண்ணீர்க் கிணறு. தபால் ஆபீஸில் இருந்த எனக்கே இப்படி ஒரு விலாசம் கிடைத்ததில்லை. விற்காத முப்பத்தேழு பிரதியை அங்கேயே உட்கார்ந்து ஒட்டிக் கையெழுத்திட்டேன். அந்த அம்மா பசையைப் பார்த்துச் சொன்னார். "ஓரத்துல நல்லாத் தேயுங்க. அவருக்கு உரிஞ்சு நின்னா ஆகாது."

பத்தொன்பது நாள் அலைந்தேன். புத்தகங்கள் இருந்த நிலையைச் சொல்லக்கூடாது. ஒன்று குளிர்சாதனப் பெட்டிக் காலுக்கு அடியில். ஒன்று கடிகாரத்துக்குப் பின்னால், சுவர் வெடிப்பை மறைத்துக்கொண்டு. பெரியபட்டினத்தில் ஒரு வீட்டில் முப்பத்து நான்காம் பக்கத்தை மட்டும் கிழித்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். "எங்க வாப்பா இருக்காக சார் இதுல. மத்தது எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர். ஒன்பது பிரதி வளைகுடாவில். போனில் படம் எடுத்து அனுப்பினேன். நான்கு காணாமல் போயிருந்தது. அறுபத்தொன்றாம் பக்கத்தை யாரும் அதுவரை படித்ததாகத் தெரியவில்லை. நான் ஒட்டிய பிறகுதான் படித்தார்கள்.

எங்கள் ஊரில்தான் வசவு. அன்றைக்குக் கேப்டனாக இருந்தவன் இப்போது பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறான். சீட்டைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"பதினெட்டு வருசம் கழிச்சு கோலைத் திருப்பி அனுப்புறீகளா சார்? இதென்ன வாங்க ஆளில்லாத தபாலா?"

"கோல் இல்லைன்னு சொல்லலையேப்பா. நான் பாக்கலைன்னுதான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். கப்பைப் பாக்கறப்ப எல்லாம் இனிமே உங்க மூஞ்சிதான் தெரியும். வேற வேலை இல்லையா உங்களுக்கு? பேரப்புள்ளைகளக் கொஞ்சிக்கிட்டு இருங்களேன்." ஆனாலும் பிரதியைத் தந்தான். ஒட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கீப்பரைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பயம்தான். போன வெள்ளிக்கிழமை, மத்தியானம், அவன் கடையில் என்னோடு சேர்த்து நாலு பேர். புத்தகத்தைக் கேட்டேன். கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்தான். அட்டை போட்டு வைத்திருந்தான். ஒட்டினேன், கையெழுத்திட்டேன், கொடுத்தேன். அவன் வாய்க்குள் படித்தான். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினான்.

"நீங்க படிங்க சார். சத்தமா."

படித்தேன். பக்கத்தில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் உறிஞ்சுவதை நிறுத்தினார். படித்து முடித்ததும் கீப்பர் கேட்டான்.

"மையத்து அன்னைக்கு உங்களுக்கு இது நினைவு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"ம்." புத்தகத்தை வாங்கி உள்ளே வைத்தான். "எத்தனை சீட்டு மிச்சம்?"

"முந்நூற்றுப் பதிமூணு."

"குடுங்க."

கட்டோடு வாங்கினான். ஒன்றை எடுத்துக் கண்ணாடியில் விலைப்பட்டியலுக்குக் கீழே, மாதுளை அறுபது ரூபாய்க்கு நேர் அடியில் ஒட்டினான். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தான். கோணலாக இருக்கிறது என்று பிய்த்து மறுபடி ஒட்டினான். அதில் என் கையெழுத்து இல்லை என்று கவனித்து, வெளியே வந்து பேனாவை நீட்டினான். ரோட்டில் நின்று கண்ணாடி மேல் கையெழுத்திட்டேன். ஆட்டோக்காரர் இறங்கி வந்து பார்த்தார்.

"ஏலே ஓட்டை, இந்தாளு யாருடா?"

"வாசிக்கத் தெரியும்ல? வாசிச்சுட்டுக் கூப்புடு, எந்தப் பேரச் சொல்லிக் கூப்புடணும்னு," என்றான் கீப்பர்.

எனக்கு ஒரு நன்னாரி சர்பத் போட்டுத் தந்தான். சர்க்கரை வேண்டாம், ஐஸ் வேண்டாம் என்றேன். இரண்டையும் போட்டான். குடித்து முடித்ததும் காசுக்குக் கையை நீட்டினான். கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டான்.

சீட்டு அச்சு அறுநூற்று ஐம்பது. பசை அறுபது. பஸ் நானூற்று எண்பத்தாறு. முழங்கால் வலித்த ஒருநாள் ஆட்டோ முந்நூறு. சர்பத் இருபத்தைந்து. ஆக மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தொரு ரூபாய்.